இரண்டாவது பொட்டலம்

ஜப்பானில் ஒரு பழைய ஷிண்டோ கோயிலின் வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சரளைக் கல்லின் மேல் வெறுங்காலோடு நடந்தேன். கூட வந்த ஜப்பானியத் தோழி பதறிவிட்டாள். இங்கே அப்படி வழக்கமில்லை, கட்டடத்துக்குள் நுழைந்தால்தான் கழற்ற வேண்டும், இது வெறும் பாதைதானே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. கால்தான் கேட்கவில்லை. கொல்லிமலையில் எங்கள் சாமி காட்டுக்குப் போகிறவர்கள் வெகு தூரத்திலேயே ஒரு பாறையடியில் செருப்பை விட்டுவிடுவார்கள். அதைத் தாண்டிச் செருப்புக்காலோடு போனால் பாம்பு வரும் என்று சொல்லி எங்களை வளர்த்தார்கள். ஜப்பான் பாம்புக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தாலும் எதற்கு வம்பு என்று கழற்றிவிட்டேன்.

கோவையில் நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனி சில வாரப் பயிற்சிக்காக என்னை அங்கே அனுப்பியிருந்தது. கிடைத்த ஒரே விடுமுறை நாளில் எல்லோரும் கடைவீதிக்குப் போனார்கள். நான் செல்போனில் இருந்த ஒரு படத்தைத் தோழியிடம் காட்டி, இந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டேன். படத்தில் இருந்த எழுத்தைப் படித்து அவள் இடத்தைக் கண்டுபிடித்தாள். ரயில் மாறி ரயில் ஏறி, பிறகு ஒரு பஸ்ஸில் மலை ஏறினோம். மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எங்கள் ஊருக்கு ஏறுகிற ரோட்டைப் போலவே வளைந்து வளைந்து போனது. யாரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுக்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த இடத்துக்கு நான் முன்பின் போனதில்லை. ஆனால் எனக்கு அங்கே எதுவும் புதிதாக இல்லை. இரண்டு மரத்தூண்களும் மேலே குறுக்குக் கட்டைகளுமாக நின்ற சிவப்பு வாசல், அதன் சாயம் வெளுத்த அடிப்பாகம், உள்ளே வானத்தை மறைத்து நின்ற மரங்கள், அவற்றில் மிகப் பெரிய மரத்தின் இடுப்பில் வைக்கோல் கயிறு, கயிற்றில் மடித்துத் தொங்கவிட்ட வெள்ளைக் காகிதம் எல்லாம் தெரிந்தவைதான். சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சுவரில் தினமும் பார்த்த படம். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கோயில் என்று தோழி சொன்னாள்.

அங்கே போயிருக்க வேண்டியவள் நான் இல்லை, என் அத்தை. இருபது வருஷத்துக்கு முன்பே போயிருக்க வேண்டியவள். போகாமல் நின்றதற்குக் காரணம் என் வலது கைதான் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவை எனக்கு நினைவில்லை. நான் நடை பழகுவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாராம். என்னைக் குளிப்பாட்டியது, சோறூட்டியது, தலை சீவியது எல்லாம் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்ற பகுதியில், பஸ் ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகவேண்டிய எங்கள் ஊரில் பன்னிரண்டாவது வரை படித்த முதல் பெண் அவள். மலைமேல் சந்தை கூடும் சோளக்காடு என்ற ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் இருந்தது. சாமை, தினை, கேழ்வரகு விதைகள் அழிந்துபோகாமல் காப்பதற்காகப் பெண்களைச் சேர்த்துச் சங்கம் நடத்தினார்கள். அத்தை அதில் வேலை பார்த்தாள். ஊர் ஊராக நடந்து போய் விதை வாங்கி வருவாள். காலையில் எனக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் மடி நிறைய ஏதாவது விதையோடு வருவாள்.

அப்பாவைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. யாராவது ஏர் மாடு இரவல் கேட்டு வந்தால், கொடுக்க மனமில்லாவிட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். "மாட்டுக்குக் கால்ல முள்ளுக் குத்தியிருக்குதுங்க" என்பார். முள் குத்திய மாடு எதிரிலேயே நான்கு காலிலும் நின்று மேய்ந்துகொண்டிருக்கும். மலைக்குக் கீழே கீழ்நாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால், வளைவில் லாரி நின்றுவிட்டது, அன்றைக்குப் பஸ்ஸே வரவில்லை. அவர் வேண்டாம் என்று நினைத்ததெல்லாம் எப்போதும் வேறு எதனாலோதான் தடைபட்டது. தன் வாயால் அவர் யார் மனதையும் நோகடித்ததில்லை. அந்தப் பாவத்தையெல்லாம் மாடும் பஸ்ஸும் சுமந்தன.

ஒரு வருஷம் எங்கள் தினைக்காட்டைப் பார்க்க ஜப்பானிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரோடுவரை நிறுவனத்து ஜீப்பில் வந்து, அங்கிருந்து அத்தைதான் அவரை நடத்திக் கூட்டி வந்தாள். காட்டைப் பார்த்து முடித்துத் திரும்பும்போது அவர் எங்கள் சாமி காட்டின் முன்னால் நின்றுவிட்டார். எங்கள் சாமிக்குக் கோபுரம் கிடையாது, சிலையும் கிடையாது. பெரிய மரங்கள், நடுவில் நட்ட சில கற்கள், துருப்பிடித்த வேல்கள், அவ்வளவுதான். அங்கே விழுந்த சுள்ளியைக்கூட யாரும் எடுத்து அடுப்பில் வைக்கமாட்டார்கள். யாரும் சொல்லாமலே அந்தப் பெரியவர் செருப்பைக் கழற்றினார். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மறுபடியும் ஒருமுறை குனிந்தார். கோழியை விரட்டுகிறாரோ என்று நாங்கள் பிள்ளைகள் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. கூட வந்தவரை மொழிபெயர்க்கச் சொல்லி விசாரித்தாள். தங்கள் ஊரிலும் சாமி காட்டில்தான் இருக்கிறது, மரத்துக்குத்தான் கயிறு கட்டுவோம் என்று அவர் சொன்னாராம்.

அவர் ஊருக்குப் போய் ஒரு காலண்டர் அனுப்பினார். மாதத்துக்கு ஒரு கோயில். அதில் ஒரு பக்கத்தில் இருந்ததுதான் சிவப்பு வாசலும் கயிறு கட்டிய மரமும். அத்தை அந்தப் பக்கத்தைத் திருப்பி மாட்டினாள், அதற்குப் பிறகு வேறு பக்கத்துக்குத் திருப்பவே இல்லை. எங்கள் வீட்டில் வருஷம் முழுவதும் ஒரே மாதம்தான் நடந்தது. சாமை குத்தும்போதும், கிழங்கு சீவும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எத்தனையோ கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கும் நம் சாமியைப் போலவே ஒரு சாமி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் அந்த ஆசைக்கு வழி பிறந்தது. அந்தப் பெரியவரின் ஊர்ப்பக்கத்தில் மலை விவசாயிகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் அங்கே தங்கிப் படித்துவிட்டு வரலாம், செலவெல்லாம் அவர்களுடையது. கொல்லிமலையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பச் சொல்லிக் கேட்டபோது நிறுவனம் அத்தையின் பெயரைக் கொடுத்தது. பாஸ்போர்ட் வந்தது. சோளக்காட்டுச் சந்தையில் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று வாங்கினாள். காலண்டருக்கு முன்னால் நின்று இரண்டு குனிதல், இரண்டு தட்டல், ஒரு குனிதல் என்று பழகினாள். பக்கத்தில் நின்று நானும் பழகினேன். அத்தை அத்தனை சிரித்து நான் பார்த்த நாட்கள் அவை.

எனக்கு ஒன்றுதான் கவலை. "நீ போயிட்டா எனக்கு யாரு சடை போடுவா?" என்று கேட்டேன். அப்பாவுக்கு அவள் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவாளாம். அன்று சாயங்காலமே அப்பாவை உட்காரவைத்து என் தலையைக் கொடுத்தாள். மூங்கில் கூடை முடைகிற அந்தக் கைகளுக்கு மூன்று கால் முடியைப் பின்னத் தெரியவில்லை. பாதியில் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். மாடு ஏற்கெனவே கட்டுத்தறியில்தான் நின்றுகொண்டிருந்தது.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அப்பா பேச்சை எடுத்தார்.

"போயிட்டு வா அம்மிணி, நான் என்ன வேண்டாங்கறனா? சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போ. கடலைத் தாண்டிப் போறது பாரு."

அத்தை உடனே சரி என்றாள். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதானாலும், கிணறு வெட்டுவதானாலும், பங்காளிச் சண்டை தீர்ப்பதானாலும் சாமியிடம் பூக் கேட்காமல் யாரும் இறங்கமாட்டார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, சிவப்பு வந்தால் இல்லை. ஒருமுறை கேட்டால் கேட்டதுதான், மறுமுறை கேட்கக்கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கக்கூடாது, அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும். அத்தைக்குச் சாமி மேல் இருந்த நம்பிக்கைக்கு அளவில்லை. தன்னைப் போன்ற இன்னொரு சாமியைப் பார்க்கப் போவதை எந்தச் சாமியாவது தடுக்குமா என்று நினைத்திருப்பாள்.

வெள்ளைப் பூவுக்கு அவளே சோளக்காட்டிலிருந்து ஒரு சாண் மல்லிகைச் சரம் வாங்கி வந்தாள். எங்கள் ஊரில் அப்போது மல்லிகை அபூர்வம். கீழ்நாட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தால்தான் உண்டு. எனக்கு வைத்துவிடச் சொல்லி அடம் பிடித்தேன். "சாமிக்கு வாங்குனது கண்ணு. கேட்டு முடியட்டும், அப்பறம் வெச்சு உடறேன்" என்றாள். சிவப்புக்கு அப்பா கொல்லைப்புறத்துச் செவ்வரளியைப் பறித்தார். கை நிறையப் பறித்தார். எதற்கு இவ்வளவு என்று அத்தை கேட்டதற்கு, சாமிக்குத்தானே என்றார்.

என்னைத்தான் எடுக்கச் சொன்னார்கள். காலையிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரப் பாவாடையோடு சாமி காட்டுக்குக் கூட்டிப் போனார்கள். பூசாரி, அப்பாவுக்குப் பங்காளி முறை, கற்களைக் கழுவித் திருநீறு பூசி வைத்திருந்தார். வீட்டுக்குப் பெரிய ஆண்தான் பொட்டலம் மடிக்க வேண்டும், வேறு யாரும் பார்க்கக்கூடாது. அப்பா மல்லிகையையும் அரளியையும் வாழை இலையையும் எடுத்துக்கொண்டு ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்து, நார் கட்டிய இரண்டு பொட்டலங்களோடு வந்து கற்களின் முன்னால் வைத்தார். அவர் நெற்றியில் வேர்வை. மலையில் காலை நேரம் அத்தனை குளிர்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மல்லிகைப் பொட்டலம் வந்தால் மல்லிகை எனக்கு, வராவிட்டால் அத்தை எனக்கு. எப்படி வந்தாலும் நஷ்டமில்லை. இருந்தாலும் மல்லிகைதான் முதலில் வேண்டியிருந்தது. வாசம் பிடித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று கும்பிடுகிற சாக்கில் நன்றாகக் குனிந்து மூச்சை இழுத்தேன். இரண்டிலும் வாழை இலை வாசம்தான் அடித்தது. சாமி என் குறும்பைக் கண்டுபிடித்து வாசத்தை மறைத்துவிட்டது என்று பயந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது பக்கம் இருந்ததை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

அத்தை கும்பிட்ட கையை இறக்காமலே நின்றாள். பிறகு கற்களைப் பார்த்து, "சரி சாமி" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. பூசாரிக்கே சங்கடமாகிவிட்டது, சாமிக்கு ஒரு காரணம் இருக்கும் என்று ஏதோ சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "நாம என்ன பண்றது அம்மிணி, சாமி உட மாட்டேங்குதே" என்றார்.

எடுக்காத பொட்டலத்தை அப்பா சட்டென்று எடுக்கப் போனார். பூசாரி தடுத்தார்.

"எடுத்த கைதானுங்க உடோணும். புள்ளைகிட்டக் குடுங்க."

அப்பா பொட்டலத்தை என் கையில் தந்தார். அவரும் கூடவே வரக் கிளம்பினார். திருநீறு வாங்காமல் போகக்கூடாது என்று பூசாரி நிறுத்திக்கொண்டார். ஓடை பக்கத்தில்தான், நாலு பாறை இறங்கினால் வந்துவிடும். நான் ஓடினேன். பிரிக்கக்கூடாது என்பது தெரியும். ஆனால் உள்ளே மல்லிகை இருக்கிறது. தண்ணீரோடு போகப்போகிற மல்லிகை. அத்தையே அப்புறம் வைத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தேன்.

உள்ளே செவ்வரளி இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் கழுவ அத்தை ஓடைக்கு இறங்கி வந்தாள். நான் பிரித்ததைப் பார்த்து அவள் திட்டுவதற்குள் முந்திக்கொண்டு சொன்னேன்.

"அத்தை, இதுலயும் செவப்புத்தான். சாமி ரெண்டு தடவை சொல்லியிருக்குது."

அத்தை இலையைக் கையில் வாங்கினாள். அரளிப் பூக்களை விரலால் ஒதுக்கி அடியில் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். மரங்களுக்கு நடுவில் அப்பா பூசாரிக்கு எதிரே குனிந்து நின்று திருநீறு வாங்கிக்கொண்டிருந்தார். அவரையே ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான்.

"மல்லிகை எங்க அத்தை?" என்று கேட்டேன்.

"சாமி எடுத்துக்கிச்சு கண்ணு."

பூக்களை ஓடையில் விட்டாள். இலையைக் கிழித்து அதையும் விட்டாள். யாரிடமும் இதைச் சொல்லக்கூடாது, சாமி கோபித்துக்கொள்ளும் என்று என் தலையில் கை வைத்துச் சொன்னாள். முகத்தைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

நிறுவனத்திலிருந்து ஆள் வந்தபோது, சாமி உத்தரவு கிடைக்கவில்லை என்று அவளே சொல்லி அனுப்பினாள். மலைக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வேறொரு மலையிலிருந்து வேறொரு பெண் போனாள். ஸ்வெட்டரை அத்தை மார்கழியில் போட்டுக்கொண்டாள். காலண்டரை மட்டும் சுவரிலிருந்து எடுத்து, அந்த ஒரு பக்கத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். பின்னாளில் நான் செல்போனில் படம் பிடித்து ஜப்பானுக்குக் கொண்டுபோனது அந்தப் பக்கத்தைத்தான். எனக்கு அவள் சடை போடுவது நிற்கவில்லை. நான் நாமக்கல்லில் விடுதியில் சேரும்வரை தினமும் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டாள். சோளக்காட்டில் பழக்கடை வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவரை. அதற்கும் பூக் கேட்கலாமா என்று யாரோ சொன்னதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்த இரண்டாவது பொட்டலம் எனக்கு எந்த வயதில் புரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாளில் புரியவில்லை. விடுதியில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது கொஞ்சம், பஸ்ஸில் மலை ஏறும்போது கொஞ்சம் என்று புரிந்தது. முழுவதும் புரிந்தபோது அப்பாவின் மேல் கோபம் வந்தது. அதைக் காட்டவும் முடியவில்லை. மனைவியைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு நின்ற மனிதர். தங்கை கடல் தாண்டினால் திரும்ப வரமாட்டாள் என்று பயந்திருப்பார். போகாதே என்று வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒருவேளை அத்தை தானாகவே இருந்திருப்பாள், அல்லது சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள். இரண்டில் எதுவானாலும் அது அவளுடைய முடிவாக இருந்திருக்கும். கேட்கத் தெரியாத அப்பா, மாட்டையும் பஸ்ஸையும் போலச் சாமியையும் ஒரு சாக்காக்கிவிட்டார். அது வெளியே தெரிந்திருந்தால் ஊர் அவரைக் கோயிலை விட்டே விலக்கியிருக்கும். அத்தை ஓடைக்கரையிலிருந்து குரல் கொடுக்காததற்கு அதுதான் காரணம்.

நான் இன்ஜினீயரிங் சேர வேண்டும் என்றபோது உறவினர்கள் பூக் கேட்கச் சொன்னார்கள். அப்பா அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசாதவர். "பூவெல்லாம் வேண்டாம். புள்ள போறேன்னா போகட்டும்" என்றார். அவர் வேண்டாம் என்று நேராகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரே முறைதான். அத்தை அப்போது அங்கே இருந்தாள். எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. கடைசிவரை அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நானும் இருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஜப்பான் கோயிலில் அத்தையிடம் கற்றபடியே இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, ஒருமுறை குனிந்தேன். எங்கே கற்றாய் என்று தோழி ஆச்சரியப்பட்டாள். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. காசு போட்டுவிட்டுக் குலுக்கினால் ஒரு குச்சி வரும், குச்சியில் உள்ள எண்ணுக்கு ஒரு சீட்டு. என் சீட்டைப் படித்துவிட்டுத் தோழி சங்கடமாகச் சிரித்தாள். கெட்ட பலனாம். பயணம் போக வேண்டாம் என்று போட்டிருந்ததாம், நான் அத்தனை தூரம் வந்து சேர்ந்த பிறகு. என் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாக விளக்கினாள். நல்ல சீட்டு வந்தால் வீட்டுக்கு எடுத்துப் போவோம், கெட்ட சீட்டு வந்தால் இங்கேயே கட்டிவிட்டுப் போய்விடுவோம், மற்றதைச் சாமி பார்த்துக்கொள்ளும். வேண்டுமானால் இன்னொரு முறை எடுத்துப் பார், ஒன்றும் தப்பில்லை என்றாள். மரத்துக்குப் பக்கத்தில் வரிசையாகக் கட்டிய கயிறுகளில் யார் யாருடையதோ கெட்ட காலமெல்லாம் வெள்ளை வெள்ளையாக முடிச்சுப் போட்டுக் கிடந்தது. நான் அங்கேயே நின்று அழுதேன். தோழி சீட்டுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அத்தையை வீடியோவில் கூப்பிட்டேன். கடை திறந்து அன்னாசிப் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். மரத்தைக் காட்டினேன். கயிற்றைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முதலில் அவள் கேட்டது, "செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான உள்ள போன?" என்றுதான். பிறகு அந்தக் காகிதங்கள் என்ன என்றாள். தோழி சொன்னதையெல்லாம் சொன்னேன். கையில் இருந்த பழத்தைக் கீழே வைத்தாள்.

"அங்க ரெண்டாந்தரம் கேக்கலாமா கண்ணு?"

"கேக்கலாமாம் அத்தை."

"நல்ல சாமி" என்றாள். அதற்குள் யாரோ பழம் வாங்க வந்துவிட்டார்கள்.

சீட்டைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது என் ஷூவை யாரோ வெளியே பார்க்கத் திருப்பி, ஜோடியாக நேராக வைத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொள்ள உட்கார்ந்தபோது, பூக் கேட்டதற்கு மறுநாள் காலை நினைவுக்கு வந்தது. அதை நான் மறந்திருக்கவில்லை. அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று அதுவரை நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அத்தை துணி துவைக்க உட்கார்ந்தாள். அப்பாவின் சட்டையை நனைப்பதற்கு முன் வழக்கம்போலப் பைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். கை உள்ளேயே நின்றது. பிறகு மெதுவாக எடுத்தாள். மல்லிகைச் சரம். ஓரம் பழுத்து நசுங்கியிருந்தது, ஆனால் வாசம் போகவில்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஓடிப்போய் அவள் முதுகில் விழுந்தேன்.

"கேட்டு முடிஞ்சுதல்ல கண்ணு. வா, வெச்சு உடறேன்" என்றாள்.

இரண்டு சடையையும் சேர்த்துக் கட்டி, நடுவில் சரத்தை வைத்து ஊசி குத்தினாள். நசுங்கிய பூக்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் அப்பா கம்மஞ்சோற்றுக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய் நின்று, முதுகைத் திருப்பித் தலையைக் காட்டினேன்.

"அப்பா, பாரு. சாமி எடுத்துக்கிட்ட மல்லிகையைத் திருப்பிக் குடுத்துருச்சு. அத்தைதான் வெச்சு உட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன். அவர் என் தலையைப் பார்த்தார், துவைகல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு தினைக்காட்டுக்கு இறங்கிப் போனார். அப்பாவுக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் வைத்துவிட்டுப் போன சோற்றை நான் கரைத்துக் குடித்தேன். பிறகு ஊர் முழுவதும் போய் என் பூவைக் காட்டிவிட்டு வந்தேன்.